ஆறு மணிக்குத் திரும்பும் கேமரா

பச்சை விளக்கு அணைந்தது.

பிடுங்கிய வயருடன் அவர் கூடத்தில் நின்றார். வைஃபை பெட்டியின் மேல் ஆயுதபூசைச் சந்தனம் காய்ந்து கிடந்தது. அவர் மனைவி கடைசியாக எழுந்து நடமாடிய ஆண்டில் வைத்தது.

பெட்டியை வாங்கிப் பதினோர் ஆண்டுகள். மாற்றிவிடும்படி மகன் கனடாவிலிருந்து நான்கு முறை சொன்னான். விளக்குத்தான் எரிகிறதே என்று நான்கு முறையும் மறுத்தார்.

இணைப்பைச் சரிபார்க்க வந்தவர் சற்றுமுன்தான் போனார். பேசும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கம்பெனிக்காரனே இந்தப் பெட்டியக் கைகழுவிட்டான் அண்ணாச்சி. பாஸ்வேர்டும் வாங்குனப்ப உள்ளதுதான். எவனோ மாசக்கணக்கா உள்ள வந்து, கேமராவத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கான்."

படுக்கையில் விழுந்த தாயைப் பார்ப்பதற்கென்று மகன் நம்பிராசன் வாங்கி அனுப்பிய கேமரா.

நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு மெல்லிய ஓசையுடன் அது அவள் பக்கம் திரும்பும்.

அவள் முகம் மலரும். பேச்சு போன பிறகும் அந்த மலர்ச்சி போகவில்லை.

அவர் அவளது கையைத் தூக்கி ஆட்டிக் காட்டுவார்.

காலையில் அவளை வெந்நீரில் துடைத்துவிடும்போது அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பார். சில நாள்களில், பாதியிலேயே, அது தானாகத் திரும்பிக்கொள்ளும்.

தாயைக் காணாமல் தேடுகிறான் என்று எண்ணி, அவசரமாகச் சேலையை இழுத்துவிடுவார்.

சரிபார்க்க வந்தவர் போனதுமே, வாசலுக்குப் போய் மகனைப் போனில் அழைத்திருந்தார்.

"நீ தெனமும் பாக்கேல்லா?"



"இல்லப்பா. அம்மாவ அப்படிப் பாக்க முடியல. சித்திரையோட விட்டுட்டேன்."

இது கார்த்திகை.

ஏசுவதற்கு வாய் திறந்தார். யாரை ஏசுவது என்று தெரியவில்லை.

கடிகாரம் ஆறு அடித்தது.

பிடுங்கிய வயரைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் போனார். அவள் விழித்திருந்தாள். கண்கள் அலமாரியின் மேல் இருந்தன.

கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் காத்திருந்தாள். உதடு மெல்லக் கோணியது.

அவர் அலமாரியை நெருங்கினார். அவளுக்குத் தெரியாதபடி தம் உடலால் மறைத்துக்கொண்டு, அதன் தலையை இரண்டு விரல்களால் பற்றி, மெதுவாகத் திருப்பினார்.

விலகி நின்றார்.

பிறகு கட்டிலருகே வந்து, அவள் கையைத் தூக்கினார்.

"பாரு. நம்பி பாக்கான்."