மூன்றாவது ஸ்லைடு

என் மனைவி மூன்றாவது ஸ்லைடை மறுபடியும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள்.

முதல் இரண்டில் மலேரியாக் கிருமி பளிச்சென்று தெரிந்தது. எழுதிவிட்டாள். இதில்தான் சிக்கல். எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றும் இல்லை.

நான் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் காத்திருந்தேன். வீட்டுச் சாவி அவள் பையில் இருந்தது. வேறு போக்கிடம் இல்லை.

இது வெளியிலிருந்து வரும் தரச் சோதனை. எல்லா லேப்களுக்கும் ஒரே ரத்தத்தைப் பூசிய ஸ்லைடுகள் வரும். கிருமி இருக்கிறதா இல்லையா என்று அவரவர் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். அடுத்தவரைக் கேட்கக்கூடாது என்பது விதி. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கக்கூடாது என்பதும் விதிதான்.

போன தடவை கிருமி இருந்ததை இல்லை என்று எழுதிவிட்டாள். இன்னொரு முறை தவறினால் இந்த லேபில் மலேரியாப் பரிசோதனையையே நிறுத்திவிட வேண்டும். ஒற்றை ஆளாக அவள் உருவாக்கிய லேப். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். மறுபடியும் 'இல்லை' என்று எழுத யாருக்குத்தான் கை வரும்?

போன் அடித்தது. பக்கத்துத் தெரு லேப்காரர். கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போட்டேன்.

"அக்கா, மூணாவதுல நாலஞ்சு புள்ளி தெரியுதுல்ல, அதைக் கிருமின்னே போட்டுடுங்க. நாங்க எல்லாரும் பேசி வச்சு அப்படித்தான் போடுறோம். பரீட்சைக்குப் போய் யாராவது வெறும் ஸ்லைடை அனுப்புவாங்களா?"

ஊரே ஒரு பக்கம் நின்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினேன். வீட்டில் எதற்கெடுத்தாலும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க பார்த்ததை நீங்க எழுதுங்க தம்பி. நான் பார்த்ததை நான் எழுதுறேன்."

அவ்வளவுதான். போனை வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

மறுபடி குனிந்தாள். ஸ்லைடை இம்மி இம்மியாக நகர்த்தி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். அந்தப் புள்ளிகளையும் விடவில்லை; வெறும் சாயக் கறை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள்: 'கிருமி இல்லை.'

எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தாள். அனுப்பிவிட்டாள்.

கையைக் கழுவினாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினாள். அவ்வளவு நேரத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைக்கூட ஆராயவில்லை.

பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. இவள் என் பெண்டாட்டி என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. முடிவு வெளிவரும்வரை அதற்கு எனக்கு அனுமதி இல்லை.

அந்த ஸ்லைடுகளைத் தயாரித்து அனுப்பும் அலுவலகத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். அது அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது ஸ்லைடில் இருந்தது எந்தக் கிருமியும் இல்லாத என் ரத்தம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.