சின்ன டர்போ

"இந்தப் பெரிய டர்போவைக் கழட்டிட்டு சின்னதா ஒண்ணு மாட்டிக் குடுண்ணா. அடுத்த மாசம் போட்டிக்கு இந்த வண்டி போகணும்."

தங்கை இப்படிச் சொன்னதும் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரை மேஜை மேல் வைத்தார். அவள் காட்டிய மூலையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது அவரே இன்ஜின் கட்டிய வண்டி. காடு மேடு, மணல், சேறு என்று பாதையில்லாத இடங்களில் நடக்கும் போட்டிகளில் அதை ஓட்டியவர் தங்கையின் கணவர். போன வருஷம் ஒரு மணல் மேட்டில் ஏறும்போது வண்டி கவிழ்ந்தது. அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள்.

"உனக்கென்ன பைத்தியமா? ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு ரேஸுக்குப் போறியா?"

"வேலையை விடல. லீவுதான் கேட்டிருக்கேன்." நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தாள்.

"யாரு ஓட்டுறது?"

"அவருக்குப் பக்கத்துல உக்காந்து வழி சொல்லுவாரே, அவரோட சிநேகிதர். கால்ல தகடு வச்சு இப்போ நல்லா நடக்குறாரு. அவர் ஓட்ட, நான் பக்கத்துல உக்காருவேன்."

அந்த விபத்தில் உயிர் தப்பிய அவரை மெக்கானிக் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. எந்த முகத்தோடு போவது?

"அதே மேட்டுக்கா போறீங்க?"

"அதே மேட்டுக்குத்தான்."

"என்னால முடியாது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு சாவு போதும். வேற ஆளைப் பாரு."

"பாக்குறேன். ஆனா இந்த இன்ஜினோட நாடி உனக்குத்தான் தெரியும். வேற ஆளு தப்பா மாட்டிக் குடுத்தாலும் நாங்க அதுலதான் போவோம்."

சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான், பிடித்தால் பிடித்த பிடி. மெக்கானிக் போய்த் தார்ப்பாயை இழுத்தார். நசுங்கிய கூரை வெளியே வந்தது. இன்ஜின் பக்கத்தில் அந்தப் பெரிய டர்போ, தூசி படிந்து, கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்கு எரிச்சலாக வந்தது.

இன்ஜினிலிருந்து வரும் புகையால் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிப்பதுதான் டர்போவின் வேலை. பெரியதாக இருந்தால் சமதரையில் வண்டி பறக்கும். ஆனால் அது வேகமெடுக்க நேரம் பிடிக்கும். எடுத்தால் பலம் மொத்தமும் ஒரே அடியாக வரும். மேட்டின் பாதியில் அப்படி வந்துதான் மாப்பிள்ளையின் வண்டி தூக்கியடித்தது என்று மெக்கானிக் நம்பினார். ஒரு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார்.

அலமாரியிலிருந்து ஒரு சின்ன டர்போவை எடுத்து வந்தார்.

"இது மிதிச்ச உடனே இழுக்கும். மணல்ல சக்கரம் புதையறதுக்குள்ள வண்டி மேல ஏறிடும். ஆனா சமதரையில இதுக்கு மூச்சு வாங்கும். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போயிடுவாங்க. பரவாயில்லையா?"

"போகட்டும்."

"அப்போ யாரைத்தான் முந்தணும் உனக்கு?"

"யாரையும் வேண்டாம். நேரத்தை முந்தினா போதும்."

டர்போ கேட்டு யார் வந்தாலும் வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்பது அவர் வழக்கம். வாய் தானாகக் கேட்டது. "வண்டியில ரெண்டு பேருதானே?"

"போகும்போது ரெண்டு பேரு. வரும்போது மூணு பேருன்னு வச்சுக்கோ."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. புருஷன் இன்னும் அந்த மேட்டிலேயே காத்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறாளோ?

"அப்புறம், ஒரே இடத்துல மணிக்கணக்கா ஓடிக்கிட்டே நின்னாலும் இன்ஜின் சூடாகக் கூடாதுண்ணா."

"போட்டியில எவம்மா நிப்பான்?"

அவள் பழைய துணி ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நாலு நாள் மெக்கானிக் வேறு வண்டி எதையும் தொடவில்லை. கூரையை நிமிர்த்தினார். இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைப் பெரிதாக்கினார். சின்ன டர்போவின் ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை சரிபார்த்து முறுக்கினார். ஐந்தாம் நாள் காலையில் தங்கை வந்தபோது இன்ஜினைக் கிளப்பி பெடலை லேசாக மிதித்துக் காட்டினார். காலை வைத்ததுதான் தாமதம், இன்ஜின் சீறியது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. இன்ஜினை நிறுத்தினார்.

"பெரிய டர்போ வேணும்னு மாப்பிள்ளை கேட்டாரும்மா. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அன்னைக்கு நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா அவர் இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாரு. என்னை என்ன வேணா திட்டு. ஆனா நீ மட்டும் போகாதே. உன் கால்ல வேணா விழுறேன்."

கிரீஸ் படிந்த அவர் கையை அவள் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். திட்டவும் இல்லை, போகமாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

இனி இவளைத் தடுக்க முடியாது என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. பெயிண்ட்தான் பாக்கி. கதவுல என்ன நம்பர் எழுதணும்?" என்று கேட்டார்.

"நம்பர் வேண்டாம்ணா. முழுசா வெள்ளை அடிச்சு, ரெண்டு பக்கமும் சிவப்புல பெருசா ஒரு கூட்டல் குறி போடு. வண்டி கவுந்த அப்புறமும் நாப்பது நிமிஷம் அவர் உசுரோடதான் இருந்திருக்காரு. ஆம்புலன்ஸாலதான் அந்த மேட்டுல ஏற முடியல."