ஐந்து எண்ணும்வரை

ஜூன் பதினொன்று, புதன், காலை பத்து இருபது. அறுவை அரங்கை ஒட்டிய விழிப்பறை. மூன்றாம் கட்டிலில் இருந்தவருக்கு நினைவு திரும்பியது; உடம்பு திரும்பவில்லை.

அவர்தான் அந்த ஆஸ்பத்திரியின் மயக்க மருந்துத் துறைத் தலைவர். பித்தப்பைக் கல்லை எடுத்திருந்தார்கள்.

தசையைத் தளர்த்த, சீக்கிரம் விலகும் புது மருந்து போடலாம் என்றிருந்தாள் அவருக்கு மயக்கம் கொடுத்த இளைய டாக்டர். கை கண்ட பழசே போதும் என்றுவிட்டார். பழசு இன்னும் அவரை விட்டபாடில்லை. இமை மூட்டையாகக் கனத்தது. மூச்சு பாதியில் நின்று திரும்பியது.

மருந்து முழுதாக விலகியதா என்று காட்ட ஒரு சின்னக் கருவி உண்டு. மணிக்கட்டில் நாலு தடவை மின்சாரம் தட்டும். கட்டைவிரலின் துடிப்பை அளக்கும்; நாலாவதும் முதலாவது அளவுக்கு வந்தால் மருந்து விலகிவிட்டது. அதை வாங்கக் கேட்டு இளைய டாக்டர் நான்கு முறை விண்ணப்பித்தாள். நான்கு முறையும் 'தேவையில்லை' என்று எழுதினார். ஐந்து எண்ணும்வரை நோயாளி தலையைத் தூக்கிப் பிடித்தால் போதும் என்பது அவர் வகுத்த சட்டம்.

தலைமை நர்ஸ் குனிந்தாள். பதினெட்டு வருஷமாக அவரிடம் கற்ற எண்ணிக்கை.

"தலையைத் தூக்குங்க சார். ஒண்ணுரெண்டுமூணுநாலஞ்சு! ஆச்சு. வார்டுக்குத் தள்ளுங்கப்பா."

தலை தொப்பென்று விழுந்தது.

'மெதுவா எண்ணு தாயே' என்று கத்தினார். "ம்" என்று வந்தது. வார்டில் மூச்சு நின்றால் கவனிக்க ஆளில்லை. அது அவரைவிட யாருக்குத் தெரியும்?

சக்கரம் உருண்டது.

"நிறுத்துங்க சிஸ்டர்!" பக்கத்து அரங்கிலிருந்து ஓடிவந்த இளைய டாக்டர் போர்வையை விலக்கினாள். அவர் மணிக்கட்டில், அரங்கில் அவளே கட்டிவிட்ட அந்தக் கருவி. நாலாவது துடிப்பு முதலாவதில் பாதிகூட இல்லை.

மருந்தை முறிக்கும் மாற்று ஊசி ஏறியது. மூச்சு மெல்ல ஆழமானது.

"இது நம்மகிட்ட கிடையாதேம்மா?" என்றாள் நர்ஸ்.

"இரவல்."

பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள், கருவியைக் கேட்டு இங்கிருந்து போன கடிதத்தையும் கருவிப் பெட்டிக்குள்ளேயே போட்டு அனுப்பியிருந்தார்கள். இளைய டாக்டர் அதைப் பிரித்தாள்.

அவர் தடுக்கப் பார்த்தார். கை எழவில்லை.

உரக்கப் படித்தாள். 'மிக முக்கியமான ஒரு நோயாளிக்கு மட்டும். ஒரே ஒரு நாள். விஷயம் வெளியே போகவேண்டாம்.'

கீழே துறைத் தலைவரின் கையெழுத்து.

மறுநாள் காலை, ஐந்தாவது விண்ணப்பத்தில் 'வாங்கலாம்' என்பதற்குக் கீழே அதே கையெழுத்து விழுந்தது. படுத்தபடியே போட்டதால் கொஞ்சம் கோணல்.