கொம்பு முளைக்காதவை

நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மேசைமேல் கொம்பில்லாத முப்பத்தொரு சாணவண்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் ஊசி. ஒன்றுக்கும் அவள் இன்னும் பெயர் எழுதவில்லை.

எழுத வேண்டிய பெயர் தெரியும். காலையில் பேராசிரியர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாத்தையும் என் பெட்டியிலயே சேர்த்துரும்மா. கீழ உன் பேரப் போட்டுரு. நாலு மணிக்கு வந்து ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டுர்றேன்."

நாளை மறுநாள் அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் அவளுடைய ஏழு வருடமும் போச்சு.

அவர் பெட்டியில் இருப்பது அவர் கண்டுபிடித்த ஒரே இனம். கொம்பில்லாத சின்ன வண்டு. முப்பது வருடங்களுக்கு முன் அதற்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தார். பிரிவுபசார அழைப்பிதழிலும் அந்த வண்டுதான், ஏதோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

அது தனி இனமே இல்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்குத் தெரிந்தது. ஒரு தாய் வண்டை வாளி மண்ணில் விட்டு, யானை லத்தி போட்டு வளர்த்தாள். சாண உருண்டைகளை உடைத்துக்கொண்டு வந்த ஆண்களில் சிலதுக்குக் கொம்பு இருந்தது. சிலதுக்கு இல்லை. இல்லாதவை அச்சு அசலாக அவர் பெட்டியில் இருப்பவை.

புழுவாக இருக்கும்போது தீனி குறைந்தால் கொம்பு முளைப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். வேறு இனமல்ல, வயிறு காய்ந்தது.

அவரிடம் சொன்னாள். சிரித்தார். அதன்பிறகு ஆறு மாதம் ஆய்வேட்டைத் திருப்பித் தரவில்லை.

பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

சே, என்ன பிழைப்பு இது.

தப்பு தன்னுடையதாக இருந்துவிடக் கூடாதா என்று நினைத்தாள். அப்படியிருந்தால் நிம்மதியாக எழுதிவிடலாம். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று அவர் பெட்டியைத் திறந்தாள். அவர் முதன்முதலில் பெயர் வைத்த வண்டின் ஊசியைப் பிடித்தாள்.

"அதை உருவாத கண்ணு. காலு ஒடிஞ்சிரும்."

அலமாரிகளில் அந்துருண்டை மாற்றிக்கொண்டிருந்த தவமணி அக்கா. இருபத்தைந்து வருடமாக இந்த அறையில் அதுதான் அவர் வேலை. அதற்கு முன் இதே பேராசிரியரிடம் ஆய்வு மாணவியாக இருந்தவராம். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்டுவிட்டார் என்பார்கள்.

அதற்குள் ஊசி கையோடு வந்துவிட்டது.

வண்டுக்குக் கீழே ஊசியில் சீட்டுகள் கோத்திருக்கும். முதலில், பிடித்த இடம். அதன் கீழே, வைத்த பெயர். பின்னால் பார்க்கிறவருக்கு வேறு கருத்து இருந்தால், தன் பெயரும் வருடமும் போட்டு இன்னும் கீழே ஒரு சீட்டைக் குத்துவார். யார் சீட்டையும் யாரும் எடுப்பதில்லை. இந்த வேலையில் அது ஒரு மரியாதை.

இந்த ஊசியில் மூன்றாவது ஒன்று இருந்தது. எழுத்து உள்ளே போகும்படி மடித்து, பெட்டியின் அடித் தெர்மாகோலோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது.

இடுக்கியால் பிரித்தாள்.

*தனி இனமல்ல. கொம்பு முளைக்காத ஆண். ஆ. தவமணி, 1999.*

அந்துருண்டை டப்பாவின் சத்தம் நின்றிருந்தது.

கல்யாணமாம். அக்கா கழுத்தில் ஒருநாளும் தாலி பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. எதற்கு அழுகை, யாருக்காக என்றும் தெரியவில்லை.

ஒரு சீட்டு வெட்டினாள். அதே வரியை எழுதினாள். தன் பெயர். இந்த வருடம். கடைசி எழுத்து கோணிக்கொண்டது. பரவாயில்லை. அக்காவின் சீட்டுக்குக் கீழே குத்தினாள்.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். பேராசிரியருக்கு நேரம் தவறியதே கிடையாது.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"சீட்டை மடிக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினாள். முப்பத்தொன்றில் முதல் வண்டை எடுத்து, கொம்புள்ளவற்றின் பெட்டியில் நட்டாள். பிறகு இரண்டாவது.

அக்கா டப்பாவைக் கீழே வைத்தார். அந்தப் பழைய ஊசியை எடுத்து, தன் சீட்டின் மடிப்பை நகத்தால் நீவினார். அது மறுபடி மடங்கியது. மறுபடி நீவினார்.

கதவு திறந்தது.

அக்கா நீவிக்கொண்டே இருந்தார்.