இரண்டாம் சரணத்துச் சத்தம்

"அந்தச் சத்தத்தை எடுக்கக் கூடாது சார்."

சொல்லிவிட்டாள். ட்ராக் பாட வருகிறவள் மிக்ஸிங்கில் மூக்கை நுழைக்கவே கூடாது என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வந்தோமா, மாதிரிக்குப் பாடிக் கொடுத்தோமா, போனோமா என்று இருக்க வேண்டும். பிறகு பெரிய பாடகி வந்து அதைக் கேட்டுக் கேட்டுப் பாடுவார். இவள் குரலை அழித்துவிடுவார்கள்.

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பாட்டு அப்படி அழிந்தது.

நாற்பத்திரண்டாவதைக் கேட்ட பெரிய பாடகி, "இதுக்கு மேல நான் என்னத்தப் பாட? அந்தப் பொண்ணு குரலையே வெச்சுக்கோங்க" என்று காரேறிப் போய்விட்டார்.

எல்லாம் இரண்டாம் சரணம் செய்த வேலை. காதலனைப் போகச் சொல்லும் வரியில் அவள் குரல் சட்டென்று எதிலோ இடறும். வாத்தியமெல்லாம் நின்று, நாலு நொடி மௌனம். பிறகு குரல் எழுந்து நடக்கும். பின்னாளில் பஸ்ஸிலும் சலூனிலும் அந்த இடம் வந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரை நினைத்துப் பாடினாள் என்று ஆளாளுக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

இப்போது தகராறு அந்த நாலு நொடியில்தான். மௌனத்துக்குள் ஏதோ ஒரு முணுமுணுப்பு.

"கொசு பாடற மாதிரி இருக்கும்மா," என்றார் இசையமைப்பாளர். "தம்பி ஒரு நிமிஷத்துல துடைச்சிடுவான். உனக்கெங்க வலிக்குது?"

தம்பி என்றது சவுண்ட் இன்ஜினியரை. அவன் முதுகைக் காட்டியபடி மானிட்டரில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல உட்காரு. பஸ்ஸைத் தவறவிட்டவ மாதிரி நிக்கிறியே."

அவள் உட்காரவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். மேஜைமேல் எட்டுப் பக்க ஒப்பந்தம் கிடந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அவள். படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிற முதல் ஆளும் அவள்தான். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாக்களைப் பெருக்கிப் பெருக்கி வாங்கிக் கொடுத்த படிப்பு, இதற்குக்கூட உதவவில்லை என்றால் எப்படி?

ஆறாம் பக்கத்தின் ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி ஏறியிருந்தது: 'இரண்டாம் சரணத்துச் சத்தம் அப்படியே இருக்கும்.'

"கொசுச் சத்தத்துக்காக மொதப் பாட்டையே கோட்டை விடுவியா?"

"அது இல்லன்னா அந்த இடம் அப்படி வந்திருக்காது சார். வேணாம்னா பெரியவங்களையே பாடச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடல."

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வெளியீடு.

"சரியான ராங்கிக்காரி. இரு, எவ்வளவு கேக்குதுன்னு பார்ப்போம். தம்பி, இவ குரலை மட்டும் தனியாப் போடு."

"நல்லா சத்தமா வைங்க அண்ணா," என்றாள் அவள்.

அவன் வைத்தான். வாத்தியங்கள் இல்லாமல் அவள் குரல் தனியே வந்தது. இடறியது. மௌனம். பாடும்போது அவள் காதிலிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறிய ஓர் ஆண் குரல், எறும்பளவுக்கு:

"...அவ அம்மா ஆஸ்பத்திரில பெருக்கறவங்கம்மா. பாட வருவா, போவா. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற ஆளா அவ..."

பிறகு அவள் குரல், தாளம் தப்பாமல்.

"யார்றா அது நடுவுல?" என்றார் இசையமைப்பாளர்.

இன்ஜினியரின் கை குமிழிலேயே நின்றது.

அவள் பாடிய அன்றைக்கு ஸ்டுடியோவில் அவளும் இன்ஜினியரும் இரண்டே பேர்தான். பாடுகிறவளின் காதில் பேச அவன் பக்கம் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தி "ஆரம்பிக்கலாம்" என்றவன், பாட்டுத் தாள்கள் அடங்கிய கனமான ஃபைலைப் பட்டன்மேலேயே வைத்துவிட்டான்; பட்டன் அழுந்தியே கிடந்தது. சரணம் நடக்கும்போது அவன் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து அவன் அம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பாடிக்கொண்டே அத்தனையும் கேட்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்க அவளைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். அதற்கென்று ஒரு செருப்புகூட வாங்கி வைத்திருந்தாள்.

இரண்டு வருடக் காதல். ஸ்டுடியோவுக்குள் எல்லார் முன்னாலும் அண்ணா என்றே கூப்பிடு, அப்போதுதான் சந்தேகம் வராது என்று சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

பாடி முடித்ததும் கண்ணாடி வழியாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவளும் காட்டினாள். முடிவு அப்போதே எடுத்தாகிவிட்டது.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார் இசையமைப்பாளர். "சாதாரணச் சத்தத்துல கேக்கறப்ப யாருக்குப் புரியப் போகுது? கடைக்குக் கடை ஓடப்போற பாட்டு."

"அதான் சார் வேணும். புரிய வேண்டியவங்களுக்குப் புரியும்."

கையெழுத்துப் போட்டாள். இனிஷியல் இடத்தில் அம்மா பெயரின் முதல் எழுத்து. பேனாவை மூடினாள். பையைத் தோளில் மாட்டினாள்.

அப்போதுதான் அவன் நாற்காலி திரும்பியது.

"போறேன் அண்ணா."

சத்தம் புகாத கனமான கதவு அது, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். தள்ளினாள்.