பின்சீட்டு மணி

பதுளைக் கடைவீதி மெக்கானிக் இத்ரூஸ், தோட்டத்து பங்களா வாசலில் துரையின் பழைய காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். டிரைவரைக் கூப்பிடும் பின்சீட்டு மின்சார மணி சில நாளாக ஆளில்லாமலே அடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சரியாகாவிட்டால் டிரைவர் கந்தப்பனுக்கு வேலை போய்விடும்.

“தம்பி, துரை மாதிரி பின்னால உக்காந்து பொத்தானை அமுக்குங்க!”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பாரத்தில் பின்சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பிரிங் பட்டை தாழ்ந்தது. மணி அடித்தது.

“கையை எடுங்க!”

மணி நின்றது. மூன்று முறை பார்த்தார், ஒருமுறைகூடப் பிசகவில்லை.

“வயர்ல கோளாறே இல்ல தம்பி. யாராவது அமுக்கினாத்தான் அடிக்குது!”

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. கந்தப்பன் குனிந்து கோப்பையை நீட்டினான்.

“நீங்க அடியில போனதுமே தேத்தண்ணி கொண்டாரப் போனேன். இத்ரூஸ் நானா, யார்கிட்ட பேசுறீங்க?”

இத்ரூஸ் மேலே பார்த்தார். அவர் நெஞ்சுக்கு மேலே ஸ்பிரிங் பட்டை இன்னும் தாழ்ந்தே இருந்தது.