நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

கங்கைகொண்டான் மென்பொருள் அலுவலகத்தில் சாயங்கால வெயில் கண்ணாடியைத் தாண்டி இசக்கிச்செல்வியின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் மணிராஜ், பழைய எடைமெஷின்களுக்காக ஏழு வருஷத்துக்கு முன் அவள் சி மொழியில் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் அழிப்பதற்காகத் திரையில் நீலமாக்கி வைத்திருக்கிறான். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியில் பதினோரு நாள் உளுந்துமாவுத் தூசியில் தும்மித் தும்மி எழுதியவை. அந்த ரகத்தின் கடைசி மெஷினும் போன வாரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. “யக்கா, அழிச்சிரட்டா?” “அழிலே. எங்கிட்ட என்னத்துக்குக் கேக்க?” ஒரே தட்டு. மிச்ச புரோகிராமை மறுபடி கம்பைல் பண்ணி ஓட்டிப் பார்க்கிறான். எங்கேயாவது இடறும், ‘யக்கா’ என்று திரும்புவான் என்று அவள் கழுத்தை நீட்டுகிறாள். ஒரு பிழை இல்லை. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. “முன்னைவிட வேகமா ஓடுதுக்கா!” என்கிறான், சந்தோஷமாக. “நல்லதுலே” என்கிறாள். துடைத்து வைத்த ஏசி அறையில் அவளுக்குத் தும்மல் வருகிறது.